பால் வாங்கியாச்சு

போன வாரம் ஸ்டெத்தைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவள் கைப்பையில் ஓர் உறை இருந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. மூன்று நாட்கள் ஓடிவிட்டன. உறை இன்னும் குடைக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். ஸ்டெத் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தோரு வருடமாகப் போன் எடுப்பவள். வயது ஐம்பத்தொன்பது. ஸ்டெத்தஸ்கோப் இல்லாமலே எதிர்முனையில் இருப்பவரின் நெஞ்சுக்குள் கேட்டுவிடுவாள் என்று ஒரு பழைய டிரைவர் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அந்தக் காதுக்குத்தான் மரியாதை. வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு, வெளியூரில் இருக்கும் சின்ன மகள் போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள். பேசி வைத்ததும் கணவர் ஸ்டெத்தைப் பார்ப்பார். அவள் தீர்ப்புச் சொல்வாள். "சளி பிடிச்சிருக்கு." அல்லது, "மாப்பிள்ளையோட சண்டை. ரெண்டு நாள்ல சரியாயிடும்." தீர்ப்பு தவறியதில்லை. அதனாலேயே அந்த வீட்டில் யாரும் யாரையும் 'எப்படி இருக்கே' என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

போன வியாழன் மட்டும் கணவர் முந்திக்கொண்டார். "சின்னவ குரல் ஒரு மாதிரியா இல்ல?"

"நல்லாத்தான் இருக்கா."

சொன்ன பிறகுதான், எதை வைத்துச் சொன்னோம் என்று ஸ்டெத் தேடிப் பார்த்தாள். 'நல்லா இருக்கேம்மா' என்று சின்னவள் சொன்ன வார்த்தைகள் மட்டுமே இருந்தன. வேறு எதுவும் கையில் சிக்கவில்லை.

இன்று மறுபடியும் வியாழன்.

*

காலை எட்டு மணி ஷிப்ட் தொடங்க ஆறு நிமிடம் இருந்தபோது, உடை மாற்றும் அறையில், லாக்கர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் உறையைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது கேட்புத் தேர்வின் முடிவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் எழுத வேண்டும். முப்பது குரல்கள் ஒலிக்கும். முப்பதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும்: பால் வாங்கியாச்சு. ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டங்களில் ஒன்றில் டிக் செய்ய வேண்டும். கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, சலிப்பு, சாதாரணம்.

இந்தத் தேர்வைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உருவாக்கியவளே ஸ்டெத்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் ஒரு பெண் போன் செய்து, "அவசரமில்லைங்க, அவர் கொஞ்சம் அசந்து தூங்கறாரு, மெதுவா வந்தா போதும்," என்றாள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் பச்சை நிறம் போட்டான். பச்சை என்றால் வண்டி காத்திருக்கலாம். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெத் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வண்டி போனபோது அந்த மனிதருக்கு மூச்சு அரைகுறையாக இருந்தது. பிழைத்துக்கொண்டார். வார்த்தையும் குரலும் ஒத்துப்போகாவிட்டால் குரலை நம்பு என்று அன்றைக்கே அட்டையில் எழுதி ஒட்டினாள். அட்டை இன்னும் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வாங்கியது இருபத்தாறு. இப்போது பதினொன்று.

அவள் டிக் செய்த தாளையும் இணைத்திருந்தார்கள். பத்தொன்பது இடத்தில் 'சாதாரணம்'. டிக்குகள் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழாக, வரிசையில் நிற்பவர்களைப் போல நின்றன.

ஷிப்ட் பொறுப்பாளர் முப்பது வயதைக் கடந்த பெண். ஸ்டெத்திடம் வேலை கற்றவள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து அவளிடமே நீட்டினாள்.

"ஹெட்செட்ல கோளாறா இருக்கும்க்கா. இன்னொரு தடவை வச்சுடலாம். யாருக்கும் தெரிய வேணாம்."

"அதே ஹெட்செட்ல எழுதின நீ எவ்வளவு?"

"இருபத்துமூணு."

"அப்போ ஹெட்செட் நல்லாத்தான் இருக்கு."

"அக்கா, சட்டம் பேசாதீங்க."

"சட்டத்தை எழுதினவளே பேசலன்னா வேற யாரு பேசறது? பதினெட்டுக்குக் கீழ போனா போன் எடுக்கக் கூடாது. மறுதேர்வு ஆறு மாசம் கழிச்சுத்தான். அந்தச் சட்டத்துக்குக் கீழ கையெழுத்து யாருதுன்னு பாரு."

பொறுப்பாளர் பார்க்கவில்லை. ஸ்டெத் தன் ஹெட்செட்டின் பஞ்சு உறைகளைக் கழற்றி, துடைத்து, மேசை மேல் வைத்தாள். வலது பக்கப் பஞ்சு அவள் காதின் வடிவத்துக்கே அமுங்கிப்போயிருந்தது.

"வண்டிப் பதிவேடு யாரு பாக்கறாங்க?"

"யாருமில்லக்கா. மூணு வாரமா கிடக்குது."

"கொடு. அது குரல் கொடுக்காது."

பொறுப்பாளர் அதற்கு என்னவோ சொன்னாள். அந்தக் குரலில் அழுகை இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்று ஸ்டெத்துக்குத் தெரியவில்லை. வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன: "மதியம் லீவு எடுத்துக்கிட்டுப் போய் பெரியவளைப் பாருங்க."

*

பெரிய மகளின் வேலை காதுகளைப் பரிசோதிப்பது. அவளுடைய மருத்துவமனை நான்கு நிறுத்தம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது.

ஒலி புகாத அந்தச் சின்ன அறைக்குள் ஸ்டெத் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள். 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஓசைகள் வரவரச் சிறுத்து, கடைசியில் தூரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் சொட்டு விழுவதைப் போல ஆயின. அவள் ஒவ்வொன்றுக்கும் அழுத்தினாள். கட்டைவிரல் உற்சாகமாக இருந்தது. ஏதாவது ஒன்று கேட்காமல் போனால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். காது என்றால் அதற்கு மெஷின் இருக்கிறது.

மகள் வரைபடத்தை மேசை மேல் போட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. உன் வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்ல."

"அப்போ பதினொண்ணு எப்படி?"

மகள் பேனாவை மூடித் திறந்தாள். "காது வேற, இது வேற. சத்தம் உள்ள வருது. வார்த்தையைப் பிரிச்சுக்கிறே. ஆனா எந்த ராகத்துல சொன்னாங்கங்கறது, வயசாக ஆக, சிலருக்குப் பிடிபடறது குறையுது. வார்த்தை நல்லதா இருந்தா நல்லதுன்னு எடுத்துக்கிறாங்க. கோபம், சோகம் இதெல்லாம்தான் அதிகம் தவறிப்போகுதுன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே அளவுல ஆகாது."

"மருந்து?"

"இல்ல."

"மெஷின்?"

"அதுக்குன்னு ஒண்ணும் இல்லம்மா."

மேசை மேல் பிளாஸ்டிக் காது ஒன்று இருந்தது. பாகம் பாகமாகக் கழற்றலாம். நத்தை போன்ற உள்பாகத்தை ஸ்டெத் வெளியே எடுத்து, பார்த்து, திரும்பப் பொருத்தினாள். சரியாகப் பொருந்தியது.

"அப்பாவைப் பாரு," என்றாள் மகள். "டிவி சத்தத்துல கூரை கிளம்புது. பாதி வார்த்தை அவருக்கு விழறதே இல்ல. ஆனா நான் படியேறி வந்து செருப்பு கழட்டறதுக்குள்ள, 'என்ன, இன்னிக்கு மூஞ்சி சரியில்ல'ங்கறாரு. முதுகைக் காட்டிக்கிட்டு. உங்க ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு காது தேறும்."

சொல்லிவிட்டுச் சிரித்தவள், சிரிப்பை நடுவில் நிறுத்தினாள். எதையோ கணக்குப் போடுபவளைப் போல அம்மாவைப் பார்த்தாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"ஆறு மாசம் முன்னாடி இருபத்தாறு. அதுக்கப்புறம் எப்பவோ."

"அப்போ சின்னவ பேசினது?"

"என்ன பேசினா?"

"நாலு மாசமா வியாழக்கிழமை அவ பேசினது. உனக்கு ஒண்ணுமே கேக்கலயா?"

"எல்லாம் கேட்டுச்சு. நல்லா இருக்கேன்னு சொன்னா. நாய்க்குட்டி காலுக்குக் கட்டுப் போட்டதைச் சொன்னா." சின்னவள் விலங்கு மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள்.

மகள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். "அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. என்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவ சொன்ன ஒண்ணை மட்டும் சொல்றேன். 'அம்மாவுக்குத் தெரியும்க்கா. ஒவ்வொரு வாரமும் என் குரலைக் கேக்கறா. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல. அப்போ அவளுக்கு இது வேண்டாம்.' இதான் அவ சொன்னது."

வெளியே காத்திருப்பவர் யாரோ இருமினார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஸ்டெத்.

"இப்போ புரியுது. நானும் உனக்குத் தெரியும்னுதான் நினைச்சேன். உன் மேல எனக்கு அவ்வளவு கோபம்."

"எப்போ?"

"நாலு மாசமா. உன்கிட்ட பேசின ஒவ்வொரு தடவையும்."

ஸ்டெத் அந்தப் பேச்சுகளை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். மின்கட்டணம், பேரனின் பல், கிழிந்த திரைச்சீலை. எல்லாமே சாதாரணம்.

*

நாலேகால் மணிக்கு வீட்டுக்குப் போனாள். கணவர் சமையலறையில் இருந்தார். பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம் மட்டும்தான். வாசல் மணி அடித்தால் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

"பால் வாங்கியாச்சு," என்றார்.

ஸ்டெத் அப்படியே நின்றாள். பிறகு, "கோபமா சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள்.

"பால் வாங்கினதுக்கு எவனாவது கோபப்படுவானா?"

"முப்பது பேர்ல ஆறு பேர் பட்டிருக்காங்க."

சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, வார்த்தைகள் அவருக்கு விழும்படி நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். உறை, பதினொன்று, பதிவேடு, பிளாஸ்டிக் காது, பெரியவள் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகு அவர் கடிகாரத்தின் பட்டையைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார்.

"அப்போ அந்த ரயில்," என்றார்.

"எந்த ரயில்?"

"நாலு மாசமா அவ பேசும்போது அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு ஒரு ரயில் போகுது. பக்கத்துல. ஜன்னல் அதிர்ற அளவுக்கு. அவ வீடு இருக்கற பக்கம் தண்டவாளமே கிடையாது. நான் வேலை பாத்த ரூட்டு அது, எனக்குத் தெரியாதா?"

"நாலு மாசமா கேட்டுக்கிட்டு ஏன் சொல்லல?"

"நீ நல்லா இருக்கான்னு சொன்னே."

"நான் சொன்னா?"

"உன் காதை மீறி நான் என்னிக்குப் பேசியிருக்கேன்? எங்கேயாவது வெளியில நின்னு பேசறாபோலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும் அதே நிமிஷத்துல வெளியில நிப்பாளான்னு கேட்டுக்கல. போன வாரம் குரல் ரொம்ப இறங்கியிருந்துச்சு. அதான் வாயை விட்டுக் கேட்டேன்."

வெளியில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே போனைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் ரயிலையும் இன்னொருவர் நாய்க்குட்டியையும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இப்போ என்ன பண்றது?" என்றார் அவர்.

"கேக்கணும்."

"அதான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

"இல்ல. வாயால."

*

ஐந்தரைக்குப் போன் வந்தது. கணவர் வழக்கம்போல அதை ஒரு காலிக் கோப்பைக்குள் நிறுத்தினார். கோப்பைக்குள் வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். இது அவருடைய கண்டுபிடிப்பு. தன் நாற்காலியை ஸ்டெத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இது வழக்கமில்லை.

"அம்மா, நல்லா இருக்கேன்," என்று ஆரம்பித்தாள் சின்னவள். "இன்னிக்கு ஒரு கிளியைக் கொண்டுவந்தாங்க. அதுக்கு இருமல். உண்மையான இருமல் இல்ல, அந்த வீட்டுத் தாத்தா இருமறதைக் கேட்டுக் கத்துக்கிச்சாம். அது தெரியாம டாக்டர் ரெண்டு நாளைக்கு மருந்து எழுதிட்டாரு."

ஸ்டெத் கேட்டாள். வேடிக்கையான கதை. வார்த்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மகிழ்ச்சிக் கட்டத்தில் டிக் போடலாம்.

கணவரைப் பார்த்தாள். அவர் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். கிளி அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் ஆட்டினார்.

"ஒரு நிமிஷம் இரு," என்றாள் ஸ்டெத். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னைப் போன் எடுக்கறதுலேருந்து எடுத்துட்டாங்க. நானே எடுத்துக்கிட்டேன். பரீட்சையில முப்பதுக்குப் பதினொண்ணு."

ஸ்டெத் கோப்பைக்குப் பக்கமாக நகர்ந்தாள்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீ சொல்ற வார்த்தை அவ்வளவும் கேக்குது. ஆனா நீ எப்படிச் சொல்றேன்னு எனக்கு இப்போ தெரியறதில்ல. நீ அழுதுக்கிட்டே நல்லா இருக்கேன்னு சொன்னா, நல்லா இருக்கேன்னுதான் கேக்கும். எப்போலேருந்துன்னு சரியாத் தெரியாது. நாலு மாசமாவது இருக்கும்."

கோப்பைக்குள்ளிருந்து சின்னதாக ஓர் ஒலி வந்தது. ஸ்டெத்துக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டது. கணவரைப் பார்த்தாள்.

"சிரிப்பு இல்ல," என்று உதட்டை மட்டும் அசைத்தார் அவர்.

முப்பத்தோரு வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்ட கேள்வி. முகவரி கேட்டதும் அடுத்தது அதுதான். சொந்த வீட்டில் கேட்டதில்லை. வாய் அதற்குப் பழகவில்லை என்பது முதல் எழுத்திலேயே தெரிந்தது.

"எப்படி இருக்கே?"

பதிலுக்கு முன்னால் ரயில் வந்தது. தொலைவில் தொடங்கி, நெருங்கி, போன் நின்றிருந்த கோப்பை மெல்ல நடுங்கும்வரை வளர்ந்தது. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. ஐந்து நாற்பத்தொன்று. ரயில் முழுக்கக் கடந்து போக இருபது நொடி ஆயிற்று.

"நான் அந்த வீட்டுல இல்லம்மா," என்றாள் சின்னவள். "நாலு மாசமாத் தனியாத்தான் இருக்கேன். ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு ரூம். முதல் வியாழன் உன்கிட்ட பேசும்போது பெட்டியைக்கூடப் பிரிக்கல. அதுமேல உக்காந்துதான் பேசினேன். நீ கேப்பேன்னு இருந்தேன். 'சரி, அடுத்த வாரம் பேசு'ன்னு வச்சுட்டே."

"எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாம எப்படிம்மா இருக்கும்?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வெள்ளிக்கிழமையே உன் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

மறுபடி அந்த ஒலி. இந்தத் தடவை ஸ்டெத் கணவரைப் பார்க்கவில்லை.

"இனிமே எனக்கு வார்த்தையாச் சொல்லிடு," என்றாள். "கோபமா இருந்தா கோபமா இருக்கேன்னு சொல்லு. அழுதா அழறேன்னு சொல்லு. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி."

"கோபமா இருக்கேன்," என்றாள் சின்னவள். சற்றுப் பொறுத்து, "இருந்தேன்," என்றாள். பிறகு, "அழறேன்."

"சரி."

"அம்மா, இன்னொண்ணும் இருக்கு. அதை மட்டும் போன்ல சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல வரட்டுமா?"

அதுவரை பேசாமல் இருந்த கணவர் கோப்பையை நோக்கிக் குனிந்தார். "எத்தனை மணி பஸ்?"

"ஆறேகால்பா."

"அது எப்பவும் பன்னெண்டு நிமிஷம் லேட்டு. ஆறு மணிக்கே ஒண்ணு இருக்கு, போர்டுல போட மாட்டான். மூணாவது பிளாட்பாரம். ஜன்னல் பக்கம் உக்காராதே, ஒழுகும்."

"சரிப்பா."

போன் அணைந்தது. பழக்கம் விடவில்லை, அவர் ஸ்டெத்தின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள்.

"நானா?"

"'இன்னொண்ணும் இருக்கு'ன்னாளே. எப்படிச் சொன்னா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். "பயம் இல்ல. அழுகையும் இல்ல, அது அதுக்கு முன்னாடி. இது வேற." கண்களைத் திறந்தார். "எனக்குப் பேர் தெரியல."

ஸ்டெத் கைப்பையிலிருந்து தேர்வுத் தாளை எடுத்து, பின்பக்கத்தில் டிக் விழாமல் மிச்சமிருந்த கடைசி வரிசைக் கட்டங்களை அவர் முன்னால் விரித்து, பென்சிலைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறையும் படித்தார். கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, சலிப்பு, சாதாரணம். ஒவ்வொன்றின் மேலும் பென்சில் நின்று நகர்ந்தது.

"இதுல இல்ல," என்றார்.

தாளின் அடியில், ரூல் தடி வைத்ததைப் போல நேராக, ஏழாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதில் டிக் போட்டார். பக்கத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுத் தாளை அவளிடம் நகர்த்தினார்.